நெட் இல்லாம லேண்ட்லைன்: சிம் டப்பாவுல அம்மாவோட கருப்பு போனுக்கு உயிர் குடுத்த கதை

போன செவ்வாய்க்கிழமை எங்க ஊர் ஃபீடர்ல மாதாந்திர பராமரிப்பு, காலைல 9 மணிலேர்ந்து சாயங்காலம் 5 வரைக்கும் கரண்ட் இல்ல. நான் ஓசூர்ல வேலைல இருந்துகிட்டே மணிக்கு ஒரு தடவ வீட்டுக்கு அடிச்சு பாத்தேன். எட்டு தடவையும் அம்மா எடுத்துச்சு. எட்டாவது தடவ "டேய், உனக்கு வேற வேலையே இல்லியா, அடுப்புல பால் வெச்சிருக்கேன்"னு சொல்லி டொக்குனு வெச்சிருச்சு. அப்பதான் இந்த வேலை முடிஞ்சுதுன்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு, அதான் இப்ப உக்காந்து எழுதறேன். மொத்தம் மூணு மாசத்துக்கு மேல ஆச்சு, மொக்கையா பண்ணதும் நெறைய இருக்கு.

வீடு காவேரிப்பட்டணத்துக்கு பக்கத்துல, ஊர தாண்டி மாந்தோப்புக்குள்ள. அப்பா மாங்கா யாவாரம் பாத்தாரு, 1993-ல ரொம்ப நாள் காத்திருந்து வாங்குன கனெக்‌ஷன். சுத்தி டயல் பண்ற கருப்பு போன், அடியில ஐடிஐனு அச்சு இருக்கும், நம்ம பக்கத்து பெங்களூர் ஃபேக்டரி சரக்கு. அப்பா போயி ஆறு வருசம் ஆச்சு, ஆனா பில் புக்குல, மண்டில, மாங்கா கூழ் ஃபேக்டரி கேட்ல எல்லாம் அந்த 04343 நம்பர்தான். போன தீபாவளி சமயத்துல ரோடு அகலம் பண்றேன்னு ஜேசிபி வந்து கேபிள வாரிட்டு போயிருச்சு. செம்பு கேபிள் இனிமே போட மாட்டாங்க, ஃபைபர்தான்னு சொல்லிட்டாங்க, ஃபைபர் எங்க தோப்பு வரைக்கும் வரணும்னா ரோட்டுலேர்ந்து 600 மீட்டர் இழுக்கணும். அம்மாவுக்கு நெட்டு எதுக்கு? டிவிக்கு கேபிள் இருக்கு, மொபைல் ஒண்ணு வாங்கி குடுத்தேன் அது பீரோவுல புடவைக்கு அடியில தூங்குது. அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு: அதே எடத்துல, அதே போன் அடிக்கணும்.

முதல்ல பண்ணது முட்டாள்தனம். பழைய சாமான் விக்கற ஒருத்தர்கிட்ட 800 ரூவா குடுத்து சிம் போடற டேபிள் போன் ஒண்ணு வாங்கினேன், பாக்க லேண்ட்லைன் மாதிரியே இருக்கும். என்கிட்ட சும்மா கெடந்த சிம்ம போட்டேன், 'சர்வீஸ் இல்லை'னே காட்டுது. ஒரு மணி நேரம் சிம்ம தொடச்சு தொடச்சு போட்டேன். அப்பறம்தான் மண்டைல ஏறுச்சு, அது வெறும் 2ஜி போன், நான் போட்ட சிம்மோ 2ஜியே இல்லாத நெட்வொர்க். வேற சிம் போட்டா வேலை செஞ்சுது. ஆனா அம்மா ஒரு நாள் பாத்துட்டு "இது நம்ம போன் இல்லடா"னு துணி போட்டு மூடிருச்சு. அதுல இன்னொரு போன் மாட்றதுக்கு சாக்கெட்டும் கெடையாது. முடிஞ்சுது கதை.

அப்ப தேட ஆரம்பிச்சதுதான் எஃப்சிடினு சொல்ற டப்பா. ஒரு பக்கம் 4ஜி சிம், இன்னொரு பக்கம் லேண்ட்லைன் போன் ஒயர் சொருகற ஆர்ஜே11 சாக்கெட். எக்ஸ்சேஞ்சுலேர்ந்து வர்ற லைன் மாதிரியே அது நடிக்கும், டயல் டோன் குடுக்கும், 48 வோல்ட் குடுக்கும், கால் வந்தா பெல் அடிக்கற வோல்டேஜும் குடுக்கும். நெட் வழியா லேண்ட்லைன் போன பேச வெக்கற ஏடிஏனு இன்னொரு சாமான் இருக்கு, அதுக்கு நெட் கனெக்‌ஷன் வேணும், நமக்கு ஆகாது. ஒரு சனிக்கிழமை பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு போயி நாலு கடை ஏறி இறங்கி 5,200 ரூவாய்க்கு வாங்கினேன். வாங்கறப்ப மூணு விசயம் கேட்டு வாங்குங்க: வோல்ட்டி (4ஜி நெட்வொர்க்லயே கால் பேசற வசதி) சப்போர்ட் இருக்கா, ஆன்டெனாவ கழட்டி மாட்ட முடியுமா, பெல் ஃப்ரீக்வென்ஸி, காலர் ஐடி செட்டிங் மாத்த முடியுமா. நாலாவதா ஒண்ணு கேட்டிருக்கணும், நான் கேக்கல, அது பின்னாடி வருது.

வீட்டுக்கு வந்து டப்பாவ ஹால்ல வெச்சு, சுவத்துல இருக்கற ரொசெட் பாக்ஸுல, அதான் போன் ஒயர் வந்து சேர்ற சின்ன பெட்டில, நேரா சொருகினேன். டயல் டோன் வருது, ஆனா கூடவே பெரிய வண்டு சுத்தற மாதிரி ஒரு உறுமல். டப்பா மோசம்னு நெனச்சு கடைக்காரருக்கு போன் பண்ணி கத்தலாம்னு இருந்தேன். நல்ல வேளை கத்தல. வெளிய தூண்லேர்ந்து வர்ற பழைய ஒயர் இன்னும் அதே ஸ்க்ரூல இருந்துச்சு. அந்தப் பக்கம் அறுந்து போயி ஏதோ ஈர மண்ணுல கெடக்கு, அந்த இரைச்சல் எல்லாம் உள்ள வருது. ரெண்டு ஸ்க்ரூவையும் லூஸ் பண்ணி வெளி ஒயர கழட்டி, டேப் சுத்தி மடிச்சு விட்டேன், அடுத்த செகண்டு சுத்தமா அடங்கிருச்சு. இத நீங்க முதல் வேலையா பண்ணுங்க. இரைச்சல் போகட்டும், நாளைக்கே யாராவது அந்த கேபிள ஒட்ட வெச்சு எக்ஸ்சேஞ்சு கரண்ட் உள்ள வந்துச்சுன்னா டப்பா காலி.

டயல் டோன் வந்தாச்சு, சமையல் ரூம்ல இருக்கற பட்டன் போன்ல நம்பர் அமுக்கினா டோன் நிக்கவே மாட்டேங்குது. திருப்பி பாத்தா அடியில டி, பினு சின்னதா ஒரு சுவிட்ச், பி-ல இருக்கு. பல்ஸ். பழைய எக்ஸ்சேஞ்சு ரெண்டையும் ஏத்துக்கும், இந்த டப்பா டோன் மட்டும்தான் கேக்கும். சுவிட்ச டி-க்கு தள்ளினதும் போச்சு. ஆனா அங்கியே பெரிய கேள்வி வந்துருச்சு. கருப்பு போன்ல சுவிட்ச் ஏது? அது பொறந்ததே பல்ஸுக்கு. 5 சுத்தினா லைன அஞ்சு தடவ வெட்டி வெட்டி விடும், 0 சுத்தினா பத்து தடவ, செகண்டுக்கு பத்து வெட்டு. டப்பாவுக்கு அது ஒண்ணுமே புரியல, சில சமயம் 1 சுத்தினா ஃப்ளாஷ் பட்டன் அமுக்கிட்டாங்கனு நெனச்சுக்குது. கடைல கேக்காம விட்ட நாலாவது கேள்வி இதுதான். இத அப்பறமா பாத்துக்கலாம்னு தள்ளி வெச்சேன்.

சிக்னல்தான் ரொம்ப படுத்துச்சு. பழைய கல் கட்டடம், சுவரு ஒன்ற அடி. ஹால்ல சிக்னல் -114 டிபிஎம் (மைனஸ் நம்பர் பெருசாக பெருசாக சிக்னல் மோசம்னு அர்த்தம்), கால் பேசறப்ப நடுநடுல விட்டு விட்டு வருது. 650 ரூவாய்க்கு காந்தம் வெச்ச ஆன்டெனா, 10 மீட்டர் ஒயரோட வாங்கி மொட்டைமாடில வெச்சேன். மாடில என் மொபைல் -97 காட்டுது, அதே எடத்துல ஆன்டெனா இருக்கு, டப்பாவோ -109. கிட்டத்தட்ட 12 டிபி எங்க போச்சு? ஒயர்லதான். பேனா ரீஃபில் தடிமன்ல இருக்கற அந்த ஒயர் மீட்டருக்கு ஒரு டிபிக்கு மேலயே முழுங்கும், 3 டிபி போனாலே பாதி போச்சுனு கணக்கு. ரெண்டு நாள் ஆன்டெனாவ தகர ஷீட் மேல, தண்ணி டேங்க் மேல, தென்னமரத்து பக்கம்னு மாத்தி மாத்தி வெச்சு பாத்தேன், நாசமா போனதுதான் மிச்சம்.

எங்க ஊருல முன்னாடி லைன்மேனா இருந்த அண்ணன் ஒருத்தர் அந்தப் பக்கமா வந்தவரு, ஏணில நான் நிக்கறத பாத்துட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு. "ஏம்ப்பா, சிக்னல கீழ இழுக்கறதுக்கு பதிலா டப்பாவ மேல தூக்கிட்டு போன் ஒயர கீழ விடேன், நாங்க மூணு கிலோமீட்டர் இழுத்து பேச வெச்சோம்." அவ்ளோதான். மாடிப்படி ஏறி முடியற எடத்துல தலைக்கு மேல கூரை போட்ட சின்ன ரூம் இருக்கு இல்ல, அங்க டப்பாவ ஸ்க்ரூ பண்ணி மாட்டினேன், கூடவே வந்த குட்டி ஆன்டெனாவே -98 குடுத்துச்சு. அங்கேர்ந்து ஹால் ரொசெட் வரைக்கும் 22 மீட்டர் டெலிபோன் ஒயர், மீட்டர் 14 ரூவா, 25 மீட்டர் 350. ஒரு முனைய ஷார்ட் பண்ணி மறுமுனைல மல்டிமீட்டர் வெச்சா 4 ஓம்தான் காட்டுது, அதெல்லாம் கணக்குலயே வராது. வெயில் நேரா படாத சுவத்துல மாட்டுங்க, மே மாசம் நம்ம பக்கம் அந்த ரூமே அடுப்பு மாதிரி இருக்கும்.

வோல்ட்டி செட்டிங் டப்பாவுல தானா ஆன் ஆகி இருக்காது போல, எனக்கு ஆஃப்ல இருந்துச்சு. கால் போறதுக்கு 9 செகண்டு எடுத்துச்சு, ஆன் பண்ணதும் 3 செகண்டு. அம்மா பேசறப்ப "என் குரலே எனக்கு கேக்குது"னு சொல்லுச்சு, மைக் கெயின 0-லேர்ந்து -3க்கு எறக்கினேன், சரியாச்சு. கூப்பிடறவங்க நம்பர போனுக்கு அனுப்பற முறை ரெண்டு இருக்கு, காலர் ஐடி எஃப்எஸ்கேல இருந்துச்சு, பட்டன் போன் ஸ்க்ரீன்ல நம்பர் வரல, டிடிஎம்எஃப்னு மாத்தினதும் வந்துச்சு.

பெல் விசயம் கொஞ்சம் விவரமா சொல்லணும். வீட்டுல மூணு எடம்: ஹால்ல கருப்பு போன், சமையல் ரூம்ல பட்டன் போன், மாட்டுக் கொட்டாய்ல அப்பா மாட்டி வெச்ச தனி பெல், தோப்புல நின்னா கேக்கற மாதிரி. மூணும் மாட்டினா கருப்பு போன் 'டிங்'னு ஒரு தடவ தும்மிட்டு நின்னுக்குது. எக்ஸ்சேஞ்சு பெல்லுக்கு 75 வோல்ட் குடுக்கும், இந்த டப்பா ஒரு போன் மாட்டி அடிக்கறப்ப அளந்தேன், 46 வோல்ட். காந்தம், காயில் வெச்ச பெல்லுக்கு அது பத்தாக்கொறை. முதல்ல செட்டிங்ல 20 ஹெர்ட்ஸ்ல இருந்தத 25-க்கு மாத்தினேன், நம்ம ஊரு போனெல்லாம் 25-க்கு செஞ்சது, கொஞ்சம் தெம்பு வந்துச்சு. கொட்டாய் பெல்ல கழட்டினேன், இன்னும் கொஞ்சம்.

அப்பறம் கருப்பு போன் அடித்தட்ட தொறந்தேன். முப்பது வருச தூசி, ஒரு செத்த பல்லி, அப்பாவோட வெத்தல பாக்கு வாசனை கூட இருந்த மாதிரி எனக்கு ஒரு பிரமை. ரெண்டு பித்தளை கிண்ணம், நடுல சின்ன சுத்தியல். கிண்ணத்துக்கு நடுல இருக்கற ஸ்க்ரூ சரியா மையத்துல இருக்காது, வேணும்னே ஓரமா ஓட்டை போட்டிருப்பாங்க, அதனால ஸ்க்ரூவ லூஸ் பண்ணி கிண்ணத்த லேசா திருப்பினா அது சுத்தியலுக்கு கிட்ட வரும், இல்ல தள்ளிப் போகும். பேப்பர் ஒண்ண நாலா மடிச்சு இடைல விட்டு அளவு வெச்சேன். ரொம்ப கிட்ட வெச்சா 'டக் டக்'னு கட்டை மாதிரி சத்தம் வரும், ரொம்ப தள்ளினா படவே படாது. பத்து பதினஞ்சு தடவ என் மொபைல்லேர்ந்து அடிச்சு அடிச்சு திருப்பினேன். சரியா விழுந்தப்ப வந்த சத்தத்துல பின்கட்டுலேர்ந்து அம்மா ஈரக்கையோட ஓடி வந்து எடுத்துச்சு, "யாரு"னு கேட்டுச்சு, எதிர்லயே நான்தான் நிக்கறேன்.

நம்பர் பத்தி. அந்த 04343 நம்பர சிம்முக்கு மாத்த முடியாது. நம்பர் மாத்தாம கம்பெனி மாறலாம்னு 2011 ஜனவரில நாடு முழுக்க கொண்டு வந்தாங்களே, அது மொபைல்லேர்ந்து மொபைலுக்குதான். ஆனா ஒண்ணு கத்துகிட்டேன்: அறுந்தது ஒயர்தான், நம்பர் எக்ஸ்சேஞ்சுலதான் இருக்கு. சரண்டர் பண்றதுக்கு முன்னாடி ஆபீஸ்ல லெட்டர் எழுதி குடுத்து, வர்ற காலெல்லாம் புது சிம்முக்கு திருப்பி விட சொன்னேன், பண்ணி குடுத்தாங்க. ஒரு மாச வாடகை எக்ஸ்ட்ரா, அவ்ளோதான். அந்த ஒரு மாசத்துல கூப்பிட்டவங்க எல்லாருக்கும் அம்மாவே புது நம்பர சொல்லுச்சு, காலண்டர்ல டிக் போட்டு வெச்சிருக்கு, 31 பேரு. அதுல ரெண்டு பேருக்கு அப்பா போனதே தெரியல.

இன்னொரு சிக்கல், கிருஷ்ணகிரில இருக்கற பெரியம்மா வீட்டுக்கு அம்மா ஆறு நம்பர் மட்டும் சுத்தி பழக்கம். இது சிம் ஆச்சே, இனிமே 04343 சேத்துதான் அமுக்கணும். மொபைலுக்கு முன்னாடி 0 போடறது 2021 ஜனவரிலேர்ந்து லேண்ட்லைன்ல கட்டாயம் ஆச்சு இல்ல, அந்த பழக்கத்துல 0 போட்டாலும் இதுல போகுது, பிரச்சனை இல்ல. நம்பர் அமுக்கி முடிச்சதும் டப்பா 4 செகண்டு காத்திருக்கும், கடைசில # அமுக்கினா உடனே போகும். டைரில எல்லா நம்பரையும் செவப்பு ஸ்கெட்ச்ல பெருசா திருப்பி எழுதினேன், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் முழுக்க அதுவே போச்சு, காவேரிப்பட்டணம் நிப்பட்டு ஒரு பாக்கெட்டும் போச்சு.

கரண்ட். பழைய லைன்ல இத பத்தி நாம யோசிச்சதே இல்ல, எக்ஸ்சேஞ்சு பேட்டரிலேர்ந்து ஒயர் வழியாவே வரும், ஊரே இருட்டா இருந்தாலும் போன் பேசும். அக்கா பையன் லண்டன்ல இருக்கான், அங்க நாடு முழுக்க செம்பு ஒயர்ல ஓடற பழைய போன் சேவைய 2027 ஜனவரிக்குள்ள நிறுத்தறாங்களாம், முதல்ல 2025 டிசம்பர்னு இருந்தத தள்ளி வெச்சிருக்காங்க. கரண்ட் போனா லேண்ட்லைன நம்பி மட்டும் இருக்கறவங்களுக்கு குறைஞ்சது 1 மணி நேரமாவது அவசர கால் பண்ண வழி பண்ணணும்னு அங்க ரூல். ஒரு மணி நேரமாம். நம்ம ஊரு ஷட்டவுன் எட்டு மணி நேரம்டா தம்பினு சொன்னேன்.

ரௌட்டருக்கு வெக்கற மினி யுபிஎஸ் 1,250 குடுத்து வாங்கினேன். 4000 எம்ஏஹெச்னு பெருசா போட்டிருக்கு, ஆனா அது 3.7 வோல்ட் செல் கணக்கு, 12 வோல்ட்டா ஏத்தி குடுக்கறப்ப 1 ஆம்பியர் அவர்தான் தேறும். டப்பா சும்மா இருக்கறப்பவே 0.21 ஆம்ப் எடுக்குது, பேசறப்ப 0.45. ஏப்ரல் ஷட்டவுன்ல காலைல 9 மணிக்கு கரண்ட் போச்சு, 1:40க்கு டப்பா செத்துச்சு. கணக்கு போட்டு பாத்திருந்தா வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

இப்ப இருக்கறது 12 வோல்ட் 7 ஏஹெச் சீல்டு பேட்டரி, 1,050 ரூவா, அதோட சிசிடிவி கடைல கெடைக்கற பேட்டரி சார்ஜ் பண்ற பவர் சப்ளை, 900. அது 13.8 வோல்ட் குடுக்கும், டப்பா மேல 12னு போட்டிருக்கு, தொறந்து பாத்தேன், உள்ள வர்ற எடத்துல கெபாசிட்டர் 25 வோல்ட், ரெகுலேட்டர் ஐசியும் தாங்கற வகை. ரெண்டு நாள் கைய வெச்சு சூடு பாத்துட்டுதான் விட்டேன். வாரண்டி போச்சு, அது வேற விசயம், உங்க டப்பாவுக்கு இது ஒத்துக்கும்னு நான் சொல்ல மாட்டேன். பேட்டரி ப்ளஸ்ல 2 ஆம்ப் ஃப்யூஸ் மறக்காம போடுங்க. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு கரண்ட் வர்றதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு பையன விட்டு அளக்க சொன்னேன், 12.5 இருந்துச்சு, இன்னும் ஒரு ராத்திரி தாராளமா தாங்கும்.

ரீசார்ஜ் பத்தி ஒரு வரி. 2024 டிசம்பர்ல போன் கம்பெனிகள மேய்க்கற ட்ராய் ஆணையம் சொன்னதுக்கு அப்பறம் டேட்டா இல்லாம பேச, எஸ்எம்எஸ் மட்டும் இருக்கற ப்ளான் கம்பெனிங்க விட்டாங்க, வருச ப்ளானும் இருக்கு. 28 நாள் ப்ளான் போட்டுட்டு மறந்தீங்கன்னா கொஞ்ச நாள்ல இன்கமிங்கும் நின்னுரும், அம்மாவுக்கு ஏன் அடிக்கலனும் தெரியாது. வருசத்துக்கு ஒரு தடவ போடறதுதான் நிம்மதி.

செலவு மொத்தம் 10,400 ஆச்சு: மேல சொன்னதோட ரொசெட் ரெண்டு 80, ஜாக்கு, க்ளிப்பு, ஸ்க்ரூனு 120. அதுல 2ஜி போன் 800, ஆன்டெனா 650, மினி யுபிஎஸ் 1,250, ஆக 2,700 தண்டம். யுபிஎஸ்ஸ மட்டும் ஓசூர் ரூம் ரௌட்டருக்கு மாட்டிகிட்டேன், அழுகை கொஞ்சம் கொறஞ்சுது. மறுபடி பண்ணா முதல் நாளே மாடில மொபைல தூக்கிட்டு சிக்னல் எங்க நல்லா இருக்குன்னு பாத்துட்டு அங்க டப்பாவ மாட்டிருவேன், பல்ஸ் எடுக்கற டப்பாவான்னு கேட்டு வாங்குவேன், பேட்டரிய முதல்லயே போட்டுருவேன். கொட்டாய் பெல் இன்னும் சும்மாதான் தொங்குது, அதுக்கு தனியா ரிலே வெச்சு அடிக்க வெக்கணும், மாங்கா சீசன் முடியட்டும்.

கருப்பு போன்ல டயல் பண்ற விசயம் சொல்லாம விட்டேன் இல்ல. பல்ஸ எண்ணி டோனா மாத்தற சர்க்யூட் ஒண்ணு ஆர்டுயினோங்கற சின்ன ப்ரோக்ராம் போர்டுல பண்ணி பாத்தேன், டேபிள் மேல ஓடுச்சு, லைன்ல மாட்டினா மூணு தடவைக்கு ஒரு தடவ தப்பு நம்பர் போகுது, யாரோ தருமபுரிக்காரர் ரெண்டு தடவ திட்டினாரு, விட்டுட்டேன். அப்பறம் டப்பா மெனுவ நோண்டறப்ப ஹாட்லைன்னு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. ரிசீவர எடுத்துட்டு ஒண்ணும் அமுக்காம 5 செகண்டு இருந்தா, நாம போட்டு வெச்ச நம்பருக்கு தானா கால் போகும். என் நம்பர போட்டேன். மத்தவங்களுக்கு பேசணும்னா அம்மா சமையல் ரூம் பட்டன் போனுக்கு போகும், எனக்குனா கருப்பு போன எடுத்து சும்மா காதுல வெச்சா போதும்.

ஆனா தெனமும் காலைல 7 மணிக்கு அம்மா ஹால் தொடைக்கறப்ப அந்த போனையும் ரிசீவர எடுத்து வெச்சு தொடைக்குது. கரெக்டா 5 செகண்டுல எனக்கு அடிக்குது, எடுத்தா பேச்சு ஒண்ணும் இல்ல, துணி தேய்க்கற சத்தம் மட்டும் வருது. 8 செகண்டா மாத்தி பாத்தேன். ரெண்டு நாள் வரல, மூணாவது நாள்லேர்ந்து டயல் ஓட்டை உள்ளெல்லாம் விரல விட்டு தொடைக்குது போல, மறுபடியும் வருது.